சொப்ட்வெயார் லைசன்ஸ் வாங்குறதுக்கு முன்ன ஒருக்கா யோசிங்க: நம்ம டிஜிட்டல் பாடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்களுக்கு டிஜிட்டல் பாடம் செய்ய சேர்ந்திருக்கிற டீச்சர்மார், சேர்மார், வெளியூர்ல இருந்து காசு அனுப்புற பழைய மாணவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்துல மூணு மணித்தியாலம் பேசியும் எந்த சொப்ட்வெயார்ல பாடம் செய்றதுன்னு முடிவெடுக்காம டீயக் குடிச்சிட்டு கலைஞ்சு போயிட்டோம். ஸ்டோரிலைன் தான் பெஸ்ட்னு ஒருத்தர், கேப்டிவேட் பழகின கைன்னு இன்னொருத்தர், ஜீனியலியில பாக்க அழகா இருக்குன்னு சின்ன டீச்சர், எச்5பி சும்மா கிடைக்குதேன்னு நான். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க டூல்ல என்னென்ன செய்யலாம்னு சொன்னதை நான் கொப்பியில எழுதிட்டே வந்தேன், பாத்தா எல்லாம் ஒண்ணுதான், கேள்வி பதில், இழுத்துப் போடுறது, படத்துல தொட்டா விவரம் வர்றது, வீடியோவ நடுவுல நிப்பாட்டி கேள்வி கேக்குறது. இதெல்லாம் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கு. அப்ப எதுல என்ன இருக்குன்னு சண்டை போட்டா விடிய விடிய போடலாம்.

நான் கேக்குற கேள்வி வேற. பாடத்துல ஒரு பிழை இருந்தா அதை யாரு திருத்துறது?

சும்மா கேக்கல. தேயிலை ஸ்டோர்ல, அதாவது ஃபெக்டரியில, கொழுந்து தூளாகுற கதைய தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு பாடமா செஞ்சோம், வாட்டுறது, உருட்டுறது, நொதிக்க விடுறது, காய வைக்கிறது, தரம் பிரிக்கிறதுன்னு அஞ்சு படம், வரிசையா இழுத்து வைக்கணும். காசு குடுத்து வாங்குற ஒரு சொப்ட்வெயார்ல, கொழும்புல இருக்கிற ஒரு தம்பி ட்ரையல்ல செஞ்சு குடுத்தாரு, பாக்க அருமையா இருந்திச்சு, பொய் சொல்லக் கூடாது. வகுப்புல போட்டு காட்டினா பின் பெஞ்சுல ஒரு பிள்ளை கையத் தூக்குது. "சேர், உருட்டினதுக்கு அப்புறம் சல்லடையில போட்டு சலிப்பாங்களே, அது எங்க?" அவ அப்பா ஸ்டோர்ல வேலை. அவ சொன்னது சரி, உருட்டின கொழுந்து கட்டி கட்டியா இருக்கும், அதை உடைச்சு சலிச்சிட்டுத்தான் மறுபடி உருட்டுவாங்க. ஒரு படம் சேக்கணும், அவ்வளவுதான். ஆனா தம்பியோட ட்ரையல் முடிஞ்சிருச்சு, மூல ஃபைல் அவரு லெப்டொப்ல, எங்கிட்ட இருக்கிறது ஓடுற பிரதி மட்டும், அதுக்குள்ள கை வைக்க வழியில்ல. கடைசியில அதே பாடத்தை எச்5பியில நானே ஒரு ராத்திரி உக்காந்து செஞ்சேன், அழகு கொஞ்சம் கம்மி, ஆனா சல்லடை இருக்கு.

எச்5பி ஃபைல்ங்கிறது உள்ளுக்க பாத்தா பல ஃபைலை ஒண்ணா கட்டி வச்ச ஒரு ஸிப் ஃபைல் தான். நான் செஞ்சதை பண்டாரவளையில ஒரு டீச்சர் எடுத்து திறந்து, மாத்தி, அவங்க பேர்ல போட்டுக்கலாம், எங்கிட்ட பாஸ்வேர்ட் கேக்க வேண்டியதில்ல. மூடில்ங்கிற ஒன்லைன் வகுப்புத் தளத்துல போகும், வேர்ட்பிரஸ்ல செஞ்ச வெப்சைட்ல போகும், ஒண்ணுமே இல்லன்னா லூமின்னு ஒரு இலவச சொப்ட்வெயார் இருக்கு, கொம்பியூட்டர்ல போட்டு செஞ்சிட்டு பிரௌசர்ல திறக்கிற ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலா எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பிடலாம். இன்டர்நெட் இல்லாம ஓடும். 2020 மார்ச்ல ஸ்கூல் மூடினப்ப சிக்னல் தேடி பிள்ளைக மலை உச்சிக்கு ஏறினதை நம்ம யாரும் மறக்கல தானே. ஜீனியலியில இலவசமா செஞ்சா ஒன்லைன்ல மட்டும்தான், கீழ இறக்கி எடுக்கணும்னா காசு பிளான். லயத்து வீட்டு வரிசையில அம்மா போன்ல ரீலோட் போட்டு படிக்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்ல.

குறையும் சொல்லிடறேன், இல்லன்னா நான் எச்5பி ஏஜென்ட்னு சொல்லுவீங்க. ஹெச்டிஎம்எல்லா அனுப்பினா மார்க்ஸ் நமக்கு வந்து சேராது, அதுக்கு மூடில் வேணும், இல்லன்னா பிள்ளைக ஸ்கிரீன்ஷொட் அனுப்பணும். இன்னொண்ணு, சில போன்ல அந்த ஃபைல தொட்டா ஹெச்டிஎம்எல் வியூவர்னு ஒண்ணு திறக்கும், வெறும் வெள்ளைத் திரைதான், பிள்ளை பாடம் பழுதுன்னு நெனச்சிரும். குரோம்ல திறக்கச் சொல்லிக் குடுக்கணும், நான் அதை விளங்காம ரெண்டு நாள் முழிச்சேன்.

ஸ்டோரிலைன் கெட்டதுன்னு சொல்லல. ஆனா விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், சாதாரண விலை ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல, கட்டுறதை நிப்பாட்டினா மூல ஃபைல் இருந்தும் திறக்க முடியாது. கேப்டிவேட் பழகின சேருக்கு ஒரு விஷயம்: பழைய கேப்டிவேட்ல செஞ்ச ப்ரொஜெக்ட் 2023ல வந்த புது கேப்டிவேட்ல அப்பிடியே திறக்காது. உங்ககிட்ட இருக்கிற பழைய பாடங்களை ஒருக்கா யோசிச்சுப் பாருங்க.

எனக்கு இந்த பயம் ஃபிளாஷ்ல இருந்து வந்தது, முந்தி அசையுற பாடமெல்லாம் அந்த சொப்ட்வெயார்ல தான் செஞ்சோம். ஃபிளாஷ் பிளேயரை நிப்பாட்டப் போறோம்னு 2017லயே அறிவிச்சிட்டாங்க, 2020 டிசம்பர் 31 கடைசி, 2021 ஜனவரி 12ல இருந்து உள்ளுக்க இருந்ததும் ஓடல. எங்கிட்ட ஒரு சீடி நிறைய பாடம், மூணு வருஷம் டைம் இருந்தும் நான் மூல ஃபைலை பத்திரமா வைக்கல, தப்பு என்னோடதுதான். ரஃபிள்னு ஒண்ணு பழைய ஃபிளாஷை ஓட்டிக் காட்டும், அதுல பாதி ஓடுது, ஆனா பிழை திருத்த ஏலாது.

தமிழ் எழுத்து விஷயத்தையும் விட்டுறாதீங்க. நம்ம பாதிப் பேர் இன்னும் பாமினிங்கிற பழைய எழுத்துருவுல தான் கேள்வித்தாள் அடிக்கிறோம், அதை அப்பிடியே கொப்பி பண்ணி எந்த டூல்ல போட்டாலும் ஆங்கில எழுத்தும் செமிகோலனுமா கொட்டும். எல்லா இடத்துலயும் தமிழாவே தெரியிற யூனிகோடுக்கு மாத்தியே ஆகணும். மாத்தினாலும் சில டூல்ல கொம்பு எழுத்துக்கு முன்னால நிக்காம பின்னால போய் நிக்கும், "கெ" போட்டா "க"வும் தனியா ஒரு கொம்பும். வாங்க முன்ன ஒரு பந்தி தமிழ் போட்டுப் பாருங்க, டெமோவுல இங்கிலிஷ் தான் காட்டுவாங்க.

அதோட எல்லாத்தையும் நாமளே செய்யணும்னு என்ன கட்டாயம்? கணிதத்துக்கு ஜியோஜீப்ரா இருக்கு, விஞ்ஞானத்துக்கு கொலராடோ யூனிவர்சிட்டிக்காரங்களோட ஃபெட் இருக்கு, மின்சுற்று, ஊசல் எல்லாம் செஞ்சு வச்சிருக்காங்க, டவுன்லோட் பண்ணி நெட் இல்லாமலும் ஓட்டலாம், தமிழ்ல கூட சிலது இருக்கு. அதை எச்5பியில திரும்ப செய்ய போறது வீண் வேலை. நம்ம செய்ய வேண்டியது அந்த தேயிலை பாடம் மாதிரி, வேற யாரும் நமக்காக செய்யாதது.

லைசன்ஸுக்கு ஒதுக்கின காசுல ரெண்டு ஸ்கூலுக்கு நல்ல பழைய லெப்டொப் வாங்கலாம்ங்கிறது என்னோட கணக்கு, பொருளாளர் பாத்து சொல்லட்டும். சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் ஒரு பிள்ளையோட அம்மா போனை இரவல் கேட்டு கொண்டு வர்றேன், ஸ்கிரீன் கீறல் விழுந்தது, ஸ்டோரேஜ் நெறஞ்சு கிடக்குது. டேட்டாவை ஓஃப் பண்ணிட்டு அவங்கவங்க டூல்ல செஞ்ச ஒரு பாடத்தை அதுல ஓட்டிக் காட்டுங்க, பொறகு லைசன்ஸ் கதைய பேசுவோம். பிஸ்கட் இந்த தடவை என் கணக்கு.

இப்படிக்கு,
மஸ்கெலியா பக்கத்து ஐசிடி சேர்