இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புது இன்ஜின் மாற்றுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, மவுண்ட் வெல்டிங் செய்து இன்ஜினை இறக்கிவிட்டால் பெரும்பகுதி வேலை தீர்ந்தது என்கிறது. பெட்ரோல் பம்பின் ஒயரைச் சாவி சுவிட்சிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நம்பி யாரும் வண்டியில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எம்ஜி நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி போன்ற கார்புரேட்டர் காரில் பம்ப் தரும் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுதான். இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை வேண்டும். பழைய ஹோஸிலேயே புதுப் பம்பை மாட்டினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். சில மாதம் கழித்து, கிளிப் கடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள்: மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருக்கும். இந்த அழுத்தத்தில் பெட்ரோல் அதன் வழியே சொட்டாது, பனிபோலப் பீய்ச்சும். சூடேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது. இந்த அழுத்தத்தைத் தாங்கும் தரத்துக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற குறியீடு அச்சிட்ட ஹோஸும், ரப்பரை அறுக்காத, முழு வட்டமாக இறுக்கும் கிளிப்பும் கட்டாயம். பழைய டாங்கில் தடுப்புத் தகடு இல்லையென்றால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். பம்புக்கு எப்போதும் பெட்ரோல் தேங்கி நிற்க, ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் ஸ்வர்ல் பாட் என்ற சிறு கலனை வைத்தால் அது தீரும்.

இனி அந்த ஒயர். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் வராவிட்டால், சாவி போட்ட இரண்டு மூன்று நொடியில் ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, பம்பை நிறுத்திவிடும். ரிலே வழியாக ஈசியு கட்டுப்பாட்டில் பம்ப் இருந்தால்தான் இது நடக்கும். சாவியிலிருந்து நேராகக் கொடுத்தால், வண்டி மோதி இன்ஜின் நின்ற பிறகும், அறுந்த ஹோஸின் வழியே பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். ரிலேயோடு சேர்த்து, மோதலில் தானே துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றையும் போட வேண்டும்.

எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. 1967 வரை வந்த எம்ஜிபி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் வண்டி. அதை மாற்றாமல் ஈசியுவை இணைத்தால் அந்த நொடியே அது போய்விடும். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே 25 சதுர மில்லிமீட்டர் பட்டை ஒயர் ஒன்று போக வேண்டும். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளைச் சுட்டுவிடும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள இன்ஜின் என்றால் ஈசியு, சாவி, சாவியைப் படிக்கும் வளையம் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் பிடிக்காது, அல்லது பிடித்து உடனே அணைந்துவிடும்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப் பல நேரம் வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரிலோ ஸ்டியரிங் ராக்கிலோ இடிக்கும். அறுத்து ஆழம் குறைத்தால், ஆயில் உறிஞ்சும் பிக்கப் குழாயையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். அந்தக் குழாயின் முனையில் உள்ள சல்லடைக்கும் சம்ப் தரைக்கும் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. சல்லடைமேல் மாடலிங் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, கேஸ்கட்டோடு சம்பை முடுக்கிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்துகொள்ளலாம். இடைவெளி குறைந்தால் ஆயில் ஏறாது. கூடினால் நீண்ட வளைவில் ஆயில் பிரஷர் முள் விழும். பேரிங் போவதற்கு அந்தச் சில நொடி போதும்.

இன்ஜின் உயரம் மாறினால், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும். கியர்பாக்ஸ் ஃபிளேஞ்சும் பின் ஆக்சில் ஃபிளேஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக, வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்டின் ஒவ்வொரு ஜாயின்டிலும் 1 முதல் 3 டிகிரி சாய்வு நல்லது. ஒரே நேர்கோட்டில் வைப்பதுதான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வைத்தால் ஜாயின்டுக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் நகராமல் ஒரே இடத்தை அழுத்திப் பள்ளம் போட்டுவிடும். ஜாக்கியில் தூக்கி நிறுத்தி அளக்காதீர்கள், பின் ஆக்சில் தொங்கும். நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது அளந்ததே கணக்கு.

எம்ஜி நிறுவனமே 1973-இல் எம்ஜிபியில் இந்த வேலையைச் செய்தது. 1798 சிசி நான்கு சிலிண்டருக்குப் பதில் 3528 சிசி அலுமினிய வி8 வைத்தபோது, ரேடியேட்டரை முன்னே தள்ளினார்கள். பின் ஆக்சில் விகிதத்தை 3.9-லிருந்து 3.07 ஆக்கினார்கள். உருவாக்கியவர்களுக்கே இவ்வளவு மாற்றம் தேவைப்பட்டிருக்கிறது. பிரேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்ஜினுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை அது.

கழற்றிய பழைய இன்ஜினை எண்ணோடு பத்திரமாக வைத்திருங்கள், பாடியை அறுக்காமல் போல்ட்டில் நிற்கும் மவுண்டாகச் செய்யுங்கள் என்ற அறிவுரையையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். இடம் போதவில்லை என்றால் அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பம்ப் ஒயர் பற்றிய அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் சீரமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்