பொட்டலம் கட்டிய கைகளுக்கு நன்றி

அன்பார்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர் அருங்காட்சியகத்தில் நடந்த உப்புச் சத்தியாகிரக நாடகம் உங்கள் தயவால் நடந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் நூறு பேரளவு தொண்டர்களும் திருச்சியிலிருந்து கிளம்பி, நம் தஞ்சை மண் வழியே நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். போலீசுக்குத் தெரியாமல் பொட்டலம் கட்டிய அந்தச் சனங்கள்தான் எங்கள் நாடகத்தின் நாயகர்கள்.

அதனால் மேடையே போடவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவர் கையிலும் திண்ணையிலேயே ஒரு பொட்டலத்தைக் கொடுத்தோம். தண்டோரா போட்டு உத்தரவு வாசிக்கப்பட்டது. கொல்லையில் புங்கமரம், அதன் பக்கத்தில் லத்தியோடு போலீஸ். கட்டுவதா, திருப்பிக் கொண்டுபோவதா என்பதை வந்தவர்களே முடிவு செய்ய வேண்டும். நாலைந்து பேர் தயங்கித் திரும்பினார்கள். அதுவும் அன்று நடந்திருக்கக் கூடியதுதான். ஓர் அப்பத்தா மட்டும் நேரே போலீசிடம் போய், "உனக்கும் பசிக்கும்ல, இந்தா தம்பி" என்று பொட்டலத்தை நீட்டினார். ஒத்திகையில் இல்லாத வசனம் அது. போலீஸ் வேடம் போட்ட ஆசிரியர் லத்தியைக் கீழே வைத்துவிட்டார். அப்பத்தா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டித் தந்த மகளிர் குழு அக்காமார்களே, வெறும் காகிதத்தைச் சுருட்டிக் கொடுத்திருந்தால் இந்த நாடகம் யார் மனசிலும் நின்றிருக்காது. கையில் சூடு பட்டதால்தான் அந்த முடிவு கனத்தது.

சவரம் செய்துகொள்ள வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துச் சிறைக்குப் போன வேதாரண்யம் சவரத் தொழிலாளி வைரப்பனாக நின்றவர் நம் சலூன் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வருமானத்தை விட்டு வந்தார். எழுதிக் கொடுத்த நீண்ட வசனத்தை அவரே வேண்டாமென்று தள்ளிவிட்டு, பேசாமல் கத்தியைத் துடைத்து மடித்தார். தொழில் தெரிந்த கைக்குத்தான் அது வரும்.

அகஸ்தியம்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்த உப்பளத் தொழிலாளர்கள், பாத்தியில் நீர் கட்டி வெயிலில் உப்பு பூப்பதையும் அதை வாருவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி சட்டத்தை மீறி உப்பு அள்ளிய ஊர்க்காரர்கள் அவர்கள். கொப்புளம் வெடித்த தங்கள் பாதங்களைக் காட்டி, இன்றைய கூலியையும் பேசினார்கள். அந்தப் பகுதியை இனி ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வோம்.

அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியாக நடித்த பிளஸ் டூ தங்கைக்கும், பரீட்சை நேரத்தில் அவளை அனுப்பிய பெற்றோருக்கும், வாடகை வாங்காத சவுண்ட் சர்வீஸ் தம்பிக்கும் நன்றி.

வீட்டுப் பரணிலிருந்து இறக்கித் தந்த பித்தளைக் குடம், அரிக்கேன் விளக்கு, கைராட்டை எல்லாம் துடைத்துப் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் மாலை வேளையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கைராட்டை கொடுத்தவர்களுக்கு மனசிருந்தால் அது இங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் தினமும் அதைச் சுழற்றிப் பார்க்க வருகிறார்கள்.