செப்புக் குழாயைத் தொடாமலே சான்றிதழ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இன்னமும் ரோடியர் மில் என்றே சொல்லும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில்லில் 1987-ல் பதிலியாக, அதாவது வேலைக்கு வராதவர்களுக்குப் பதிலாக நிற்கும் ஆளாகச் சேர்ந்தவன் நான். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் மில்லைச் சின்னாபின்னமாக்கியது. அப்புறம் லே-ஆஃப், பாதிச் சம்பளம் என்று பல வருஷம் ஓட்டி, 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். சுதேசி, பாரதி மில்களும் போய்விட்டன. 1936-ல் 12 தொழிலாளர்கள் குண்டடிபட்டுச் செத்து, எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த ஊர் இது. இன்று எங்கள் தெருவில் டிப்ளமோ படித்த பிள்ளைகள் சாப்பாடு டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறார்கள். மற்றவர்கள் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள்.

பயிற்சி கொடுத்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். சரிதான். ஆனால் என்ன பயிற்சி? என் அக்கா மகன் இங்கே ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் ஏ.சி. மெக்கானிக் படித்தான். முப்பது பேருக்கு ஒரே ஒரு ஏ.சி. அதையும் கழற்ற விடவில்லை. கேஸ் நிரப்புவதை வீடியோவில் காட்டினார்களாம். கடைசி நாளில் போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குப் போனோம். முதலாளி சான்றிதழைப் பார்க்கவே இல்லை. ஏ.சி.யில் கேஸ் ஓடும் செப்புக் குழாயில் ஒரு முழத்தைக் கையில் கொடுத்து, "நுனியை விரிச்சுக் காட்டு தம்பி" என்றார். பையன் குழாயைக் கட்டையில் மாட்டித் திருகினான். பிசிறைத் தேய்த்து எடுக்காமலே திருகியதால் நுனி ஓரத்தில் கீறிவிட்டது. இரண்டாவது தடவை ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. "இப்படி மாட்டினா ஒரே வாரத்துல கேஸ் பூரா போயிடும்" என்றார் அவர். திட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். திரும்பி வரும்போது வழி முழுக்க அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் மில்லில் சேர்ந்தபோது முதல் வாரம் அறுந்த நூலை முடிச்சுப் போடுவதைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என் முடிச்சைத் தடவிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அறுத்துப் போடுவார். மறுபடி போடு என்பார். இப்படித்தான் கையில் தொழில் படிந்தது. மூன்று மாத வகுப்பில் அவ்வளவு வராது என்று தெரியும். ஆனாலும் ஒரு பையன் நூறு குழாயாவது கெடுத்துப் பழக வேண்டாமா?

கடற்கரைச் சாலையைச் சுற்றி எத்தனை விடுதிகள், எத்தனை ஏ.சி.கள்! சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளும் இங்கேயே இருக்கின்றன. ஆள் தேவை என்று பட்டறைக்காரர்களே சொல்கிறார்கள். அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் வேலையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையத்தை அரசே நடத்த வேண்டும். பகலில் கூலிக்குப் போகிறவனும் வர முடிகிற மாதிரி மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்பு வைக்க வேண்டும். பஸ் செலவுக்காவது உதவித்தொகை தர வேண்டும், அது இல்லாமல் பாதிப் பேர் பாதியில் நின்றுவிடுவார்கள். என்னைப் போல ஐம்பது வயதுக்கு மேல் வேலை போனவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மில் மூடியபோது எனக்கு வயது 54. இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று எந்த அலுவலகமும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இடம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். கடலூர் சாலையில் எங்கள் மில் வளாகம் கிடக்கிறது. அதில் ஒரு கொட்டகையைச் சரிசெய்து கொடுத்தாலே போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வேலை பார்த்து ஓய்ந்த எங்கள் ஆட்களில் சிலர் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். நான் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் மில் தொழிலாளி,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.