டிராக் பாடியவரின் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய இசையமைப்பாளர்களுக்கும் பாடல் வெளியீட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். மறைந்த பாடகர்களின் குரலில் மென்பொருள் பாடும் பாடல்கள் பெருகிவிட்டதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுப் படத்தில் ஒரு பாட்டு, பழைய மெலடிகளுக்குப் புது வடிவம் என்று ஒரு தொகுப்பு, எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் வருகின்றன. கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் குரலுக்கு அடியில் உயிரோடு இருக்கும் ஒருவர் பாடியிருக்கிறாரே, அவர் பெயர் எங்கே என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் டிராக் பாடகன். பெரிய பாடகர் வருவதற்கு முன், மெட்டில் சொல் எப்படி உட்காருகிறது, எங்கே மூச்சு வாங்கலாம், எந்த இடத்தில் நெளிவு வேண்டும் என்று பாடி வைத்துவிட்டுப் போகிறவன். அவர் வந்து பாடியதும் என் குரல் அழிக்கப்படும். தொழிலின் வழக்கம் அது. தெரிந்தேதான் பாடுகிறோம், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் கிடையாது. அவர் தம் குரலாலும் உணர்ச்சி வெளிப்பாட்டாலும் அந்தப் பாட்டைத் தமதாக்கிக்கொள்கிறார். வெளிவரும் பாட்டில் நாங்கள் இல்லை, எங்கள் பெயரும் இல்லை. கணக்கு சரி.

இப்போது அந்தக் கணக்கு சரியில்லை. சென்ற ஆண்டு ஓர் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். பழைய பாணி மெலடிகள், வழக்கமான டிராக் என்றார்கள். பாடினேன். கையில் பணம் கொடுத்தார்கள். கையெழுத்து, ஒப்பந்தம் எதுவும் இல்லை. சில வாரங்கள் கழித்து அதே பாட்டு, மறைந்த பாடகர் ஒருவரின் குரலில் வெளியானது. இரண்டாவது சரணத்தில் மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்ச ‘ஸ’வில், நீண்டு நிற்க வேண்டிய நெடில் ஒன்று உண்டு. பாடிய அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு மூச்சு வாங்கி, அது தெரியாமல் இருக்க, அதற்கு ஒரு படி கீழே உள்ள நிஷாதத்திலிருந்து (‘நி’) வழுக்கி மேலே ஏறினேன். வெளியான பாட்டில் அந்த மூச்சு இருக்கிறது. அந்த வழுக்கலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கைபேசியை என் காதருகே வைத்து, “அந்த இடத்தில் ஏறுகிறாரே, அவரைத் தவிர வேறு யாருக்கு வரும்?” என்று என்னிடமே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார். நம்ப வைக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மென்பொருள் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். குரலின் நிறம் மாறுகிறது. சுருதி, காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்), சொல்லழுத்தம், சங்கதி (வரியை விதம்விதமாகப் பாடும் நெளிவு), மூச்சு ஆகியவை டிராக் பாடியவரிடமிருந்தே வருகின்றன. ‘ழ’ சரியாக விழுந்திருந்தால் அது அவருடைய நாக்கு புரண்ட விதம். முன்பு அழித்துவிட்டுப் போன குரலின் மேல்தான் இன்று முழுப் பாட்டும் நிற்கிறது. அழிப்பதற்காகப் பாடும் டிராக்குக்கு ஒரு நியாயம் இருந்தது. அதையே வைத்துக்கொண்டு விற்கும்போது அந்த நியாயம் செல்லாது. ஆகவே கேட்கிறேன்: டிராக் பாடியவரின் பெயரைப் போடுங்கள்.

இது முடியாத காரியமல்ல என்பதை உங்களில் சிலரே காட்டியிருக்கிறீர்கள். 2024-இல் ‘வேட்டையன்’ படத்துக்காக மறைந்த பாடகர் மலேசியா வாசுதேவனின் குரல் மென்பொருளால் மீட்கப்பட்டபோது, அதற்குப் பாடிக் கொடுத்தவர் அவருடைய மகன் யுகேந்திரன். அவர் பெயர் பாட்டோடு வந்தது. அதே ஆண்டு ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் பயன்படுத்திய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் ஊதியம் கொடுத்ததையும் வெளிப்படையாக அறிவித்தார். பெரிய படங்களில், பலர் பார்க்கும் இடத்தில் காட்டிய இந்த ஒழுங்கு, சிறிய தொகுப்புகளுக்கும் பெயரில்லாத பாடகர்களுக்கும் ஏன் வந்து சேரவில்லை?

ஜப்பானைப் பாருங்கள். பாடும் குரலை உருவாக்கித் தரும், யமஹா நிறுவனத்தின் வோகலாய்டு மென்பொருளில் ஹட்சுனே மிகு என்ற குரல் 2007 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அதற்குக் குரல் கொடுத்த நடிகை சாகி ஃபுஜிதா. இந்த வேலைக்கென்றே, சம்மதித்து, ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்ந்து கொடுத்த குரல் அது. அவர் பெயர் ஊரறிந்தது. பாடுவது மென்பொருள் என்பதும் கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். அந்த முதல் சில ஆண்டுகளின் பாடல்களை இன்று அங்கே இளமைக்கால நினைவாகக் கேட்கிறார்கள். ஒளிவுமறைவு இல்லாததால் அந்தப் பாடல்களின் இனிமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நம் நாட்டிலோ வரலாறு பின்னோக்கிப் போகிறது. 1949-இல் ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்று அச்சிட்டார்கள். பாடியது யார் என்று மக்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பாடகரின் பெயர் வெளியே வந்தது. பின்னணிப் பாடகர்கள் அப்படிப் போராடிப் பெற்ற இடத்தை, 75 ஆண்டுகள் கழித்து, நீங்கள் எங்களுக்கு மூடுகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1969-இல் ‘அடிமைப்பெண்’ படத்துக்குப் பாட வேண்டிய எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்ற புது இளைஞர் டைபாய்டில் படுத்துவிட்டார். அவர் தேறி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார். டி.எம்.சௌந்தரராஜன் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அவரையே பாட வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு புதுக் குரலுக்காகப் பாட்டு காத்திருந்தது. அப்படி வந்த குரலைத்தான் இன்று நாம் எல்லோரும் நினைத்து ஏங்குகிறோம். இன்றைய இருபது வயதுப் பாடகர் உங்கள் வாசலில் வந்து நின்றால் அவருக்குக் கிடைப்பது என்ன? இறந்தவரின் சாயலில் பாடத் தெரியுமா என்ற கேள்விதான். தெரியும் என்றால் டிராக் பாடச் சொல்கிறீர்கள். அவருடைய சொந்தக் குரலை யாரும் கேட்பதில்லை. நாளைக்கு மக்கள் நினைத்து ஏங்க எந்தக் குரலை மிச்சம் வைக்கப் போகிறோம்?

கோபம் எழுத்தில் தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடல்களால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அதை மறந்து எழுதவில்லை. சட்டம் பேசவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமையைப் பாடகர் போன்ற நிகழ்த்துநருக்குத் தருகிறது. 2024 ஜூலையில் இந்தித் திரைப்பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை அனுமதியின்றிப் போலி செய்யும் கருவிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பெயர் பெற்றவர் நீதிமன்றம் போக முடிகிறது. ஒரு பாட்டுக்குக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறவன் எங்கே போவான்? உங்களிடம்தான் வர முடியும்.

நான் வேண்டுவது இதுதான். மென்பொருளால் மாற்றிய குரல் என்பதைப் பாட்டின் விவரக் குறிப்பிலேயே தமிழில் எழுதுங்கள். குரலுக்கு உரியவரின் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், டிராக் பாடியவரின் பெயரையும் போடுங்கள். இந்த டிராக் எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பாடுவதற்கு முன்பே சொல்லி, ஒரு பக்க ஒப்பந்தமாவது கையில் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பாடகரை அடுத்த வாய்ப்புக்கு அழைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே வெளிவந்த பாடல்களின் விவரக் குறிப்பைத் திருத்துவது உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் வேலை. யார் எந்தப் பாட்டுக்கு டிராக் பாடினார் என்பது ஒலிப்பதிவுக்கூடங்களின் பதிவேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் எங்களைக் கேளுங்கள், சொல்கிறோம். அந்த வேலையை இந்த மாதமே தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிராக் பாடகர் ஒருவர்,
வடபழனி, சென்னை