அப்பாவுக்கு ஒரு படத்தைப் பற்றி

வாஷிங்டன்,
டிசம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். இங்கே குளிர் கடுமை. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்றிருந்த எனக்கு இப்போது போக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தேசிய உருவப்படக் காட்சியகம். டிக்கெட் கிடையாது, மாலை 7 மணி வரை திறந்திருக்கும். ஓவிய ஆசிரியரின் மகளுக்கு வேறென்ன வேண்டும்!

அங்கே ஒரு படம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. 'கிராண்டும் அவருடைய தளபதிகளும்', 1865. தைல வண்ணம், உயரம் சுமார் 10 அடி, அகலம் 16 அடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்கின் படைகளை நடத்திய 27 தளபதிகள், தலைமைத் தளபதி கிராண்ட் உட்பட, குதிரைமேல் அமர்ந்திருக்கிறார்கள். வரைந்தவர் ஓலே பீட்டர் ஹான்சன் பாலிங். நார்வேயில் பிறந்து இங்கே குடியேறியவர். அந்தப் போரில் வடக்குப் படையில் அதிகாரியாகவும் இருந்தார். 1864 இலையுதிர்காலத்தில் வர்ஜீனியாவில் சிட்டி பாயின்ட் என்ற இடத்தில் கிராண்டின் முகாமுக்கே போய்த் தங்கி, நேரில் பார்த்து வரைந்திருக்கிறார். புகைப்படம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அதில் நிறமும் கிடையாது, அசையும் குதிரையைப் பிடிக்கும் வேகமும் கிடையாது. அந்த இடத்தைத்தான் தூரிகை வைத்துக்கொண்டது.

இந்த 27 பேரும் ஒருநாளும் இப்படி ஒன்றாகக் கூடியதில்லை. அவர்களில் மெக்ஃபெர்சன் என்ற தளபதி 1864 ஜூலை 22 அன்று அட்லாண்டாவில் சுடப்பட்டு இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு வரைந்த படத்தில் மற்றவர்களோடு குதிரையில் இருக்கிறார். பொய் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. வெற்றிக்கு உயிரைக் கொடுத்தவனை வெற்றியின் படத்திலிருந்து எப்படி விலக்குவது?

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. படம் இருக்கும் இந்தக் காட்சியகக் கட்டடம் அன்று காப்புரிமை அலுவலகம். போர்க்காலத்தில் அதையே மருத்துவமனையாக்கி, கண்டுபிடிப்புகளின் மாதிரிகளை அடுக்கிய கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே காயம்பட்ட சிப்பாய்களைக் கிடத்தியிருந்தார்கள். கவிஞர் வால்ட் விட்மன் வந்து அவர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். 1865 மார்ச்சில் லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு விருந்து நடனமும் அங்கேதான் நடந்தது. இன்று 16 அடி கித்தான் தளபதிகளுக்கு. அங்கே படுத்துக்கிடந்தவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். இந்த 27 முகங்களில் ஒன்றுகூட அவர்களுடையது அல்ல. படைத்தலைமை அவர்களுக்கு மறுக்கப்பட்ட காலம். ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் வருத்தம் இருக்கிறது.

படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். இத்தனை பேர் நெருக்கியிருந்தும் ஒரு முகம் இன்னொன்றை மறைக்காமல் எப்படி அமைத்தார் என்று பார்த்து, விரிவாக எழுதுங்கள். பேரன் குதிரை வரையக் கற்றுக்கொடு என்று நச்சரிக்கிறான். கால்களை எங்கிருந்து தொடங்குவது என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்