கன்று வீசிய மாட்டுக்கு நியோஸ்போரா பரிசோதனையும் செய்யுங்கள்: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும் பால் சொசைட்டி நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஐந்தாறு மாதச் சினையில் மாடு கன்று வீசிவிட்டால் எங்கள் பக்கம் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இன்னொரு மாடு முட்டியிருக்கும், வெயில் தாங்கவில்லை, கண் பட்டுவிட்டது. விழுந்த கருவைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு அடுத்த சினை ஊசிக்குக் காத்திருப்போம். விவரம் தெரிந்தவர்கள், சினையைக் கலைக்கும் புரூசெல்லா என்ற பாக்டீரியா நோயா என்று கேட்பார்கள். அதற்காவது 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. உண்ணியால் வரும் தைலேரியா காய்ச்சலிலும் சினை கலையும், ஆனால் அதில் காய்ச்சலும் நெறிக்கட்டும் காட்டிக்கொடுத்துவிடும், மருந்தும் உண்டு.

நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் அப்படியில்லை. மாடு பார்க்கத் திடமாக இருக்கும், சினை மட்டும் கலையும். நோயுள்ள மாட்டின் நஞ்சுக்கொடியையோ வீசிய கருவையோ நாய் தின்றால் அதன் மலத்தில் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் வரும், அந்த நாய் வைக்கோல் போரிலோ தீவனத்திலோ கழித்துவிட்டுப் போனால் அதைத் தின்னும் மாட்டுக்குத் தொற்றும். நாயின் பங்கு 1998-இலேயே தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, தாயின் வயிற்றிலேயே கன்றுக்குப் போய்விடுவது. அந்தக் கிடேரி நன்றாகவே பிறந்து, வளர்ந்து, சினையாகி, அதுவும் கன்று வீசலாம், வீசாவிட்டாலும் தன் கன்றுக்குக் கொடுக்கலாம். குணப்படுத்த மருந்து கிடையாது. நல்ல கறவை வம்சம் என்று நாம் பொத்திப் பொத்தி வளர்ப்பதே நோயை வளர்ப்பதாக ஆகிவிடுகிறது.

முன்பெல்லாம் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினார்கள். பால் வடியும் மரம், மாட்டுக்கும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. நாய்க்கு எட்டாமல் இருந்தது அதில் கிடைத்த நிஜப் பலன் என்று நினைக்கிறேன். இப்போது சாக்கில் போட்டு ஓடைக்கரையில் எறிகிறோம், விடிவதற்குள் நாய்கள் இழுத்துப்போட்டுவிடுகின்றன. நாயை அடித்து விரட்டுங்கள் என்று சொல்லவில்லை. கையுறை போட்டு, ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும் என்பதைப் பால் ஊற்ற வரும் இடத்திலேயே சொசைட்டிகள் சொன்னால் போதும்.

துறையிடம் கேட்பது இது. கன்று வீசியதாக 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைப்பு வந்தால் தாயின் ரத்தத்தையும், கிடைத்தால் கருவையும் ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். புரூசெல்லாவோடு நிறுத்தாமல் நியோஸ்போராவும் பாருங்கள். முடிவை எங்கள் கையில் எழுத்தாகக் கொடுங்கள், அதை வைத்துத்தான் அந்த மாட்டின் கிடேரியை வளர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியும்.