எல்லைக்கோட்டில் நிற்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவை அந்தக் கதையின் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். பள்ளியில் மதிப்பெண் குறைந்த நாள்களிலும் நீ இப்படித்தான், வீட்டில் எல்லாக் கதையும் பேசி முடித்துவிட்டுப் போகிற போக்கில் அதைச் சொல்வாய்.

எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1, வெறும் வயிற்றில் சர்க்கரை 112. “எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறாய். இன்னும் வரவில்லை. மூன்று மாதச் சராசரி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் அது எல்லைக்கோடு. 6.5-ஐத் தொட்டால்தான் நீரிழிவு. வெறும் வயிற்றுக் கணக்கில் 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-இல் நீரிழிவு தொடங்குகிறது. உன் இரண்டு எண்களும் நடுவில் நிற்கின்றன. இங்கிருந்து பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் உண்டு, பல வருடம் இங்கேயே நிற்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். உனக்கு முன்பு ரத்தசோகை இருந்ததே, அது சரியாகிவிட்டதா? இரும்புச்சத்து குறைவாக இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அடுத்த முறை போகும்போது இதை மருத்துவரிடம் மறக்காமல் கேள்.

அடுத்த பத்தியைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், பால், பருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டாயாம். தலைவலிக்கிறதாம், இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதாம், ஆனாலும் எடை சரசரவென்று இறங்குகிறதாம். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் முதலில் அந்தச் சேமிப்புதான் கரைகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். உன் தலைவலிக்கும் அசதிக்கும் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை வேறு சாப்பிடுகிறாய். இந்த உணவுமுறையில் அழுத்தம் தானாகவே குறையக்கூடும், மாத்திரை அதே அளவில் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். மருத்துவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமலா ஆரம்பித்தாய்?

அதைவிடப் பெரிய கவலை உன் வீட்டுக்காரரைப் பற்றியது. “அவரும் எனக்குத் துணையாக இதையே சாப்பிடுகிறார்” என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். துணை நல்லதுதான். ஆனால் அவர் ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர். உனக்கும் அவருக்கும் ஒரே தட்டு சரிவராது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் அவர் பழைய சாப்பாட்டை வைத்து அளவு குறிக்கப்பட்டவை. சாப்பாட்டில் மாவுச்சத்தைப் பாதியாக்கிவிட்டு மருந்தை அப்படியே வைத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, மயக்கம் வரை போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் சிக்கல் வேறு. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் அவை. மாவுச்சத்து மிகக் குறைந்த உணவோடு சேரும்போது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும் ஆபத்து அதிகம், அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் ஏமாந்துவிடுவீர்கள். குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்தால் வீட்டில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. எதுவாக இருந்தாலும் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அவர் மருத்துவரைப் பார்க்கட்டும். அதுவரை அவர் தட்டில் பழைய சாப்பாடே இருக்கட்டும், கோபித்துக்கொள்ளாதே.

இனி உன் தட்டுக்கு வருகிறேன். எவ்வளவு குறைத்தால் குறைவு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவு கிடையாது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் குறைந்த அளவு என்று பொதுவாகச் சொல்வார்கள். 20 முதல் 50 கிராம் என்பது மிகக் கடுமையானது, நீ குதித்திருப்பது அதில். நான் 100-ஐ ஒட்டி இருக்கிறேன், அதற்குக் கீழே போனால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது, வீட்டில் இருப்பவர்கள் பாவம். ஆரம்பத்தில் சமையலறைத் தராசில் என் வழக்கமான சோற்றை வைத்துப் பார்த்தேன். கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சோறு 300 கிராம் இருந்தது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு வேளைச் சோற்றிலேயே 80-ஐத் தாண்டிவிடுகிறது, மீதி இரண்டு வேளைக்கு என்ன செய்வது? வேகவைத்த உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 20 வரும். ஒரு முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. இந்த நாலைந்து எண்கள் மனதில் பதிந்தால் போதும், தராசை உள்ளே வைத்துவிடலாம்.

சோற்றைக் குறைத்த இடத்தை நீ காலியாக விட்டிருக்கிறாய். ராத்திரி பத்து மணிக்குச் சமையலறைக்குப் போகத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறாயே, வேறு ஏன் தோன்றும்? முட்டை, மீன், தயிர், பாதாம், எண்ணெய் விட்டு வதக்கிய காய் என்று அந்த இடம் நிறைய வேண்டும். காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் தொட்டால், அதே அளவு சோற்றுக்கும் சர்க்கரை குறைவாக ஏறும். பருப்பைத் திரும்பக் கொண்டு வா. அதில் மாவுச்சத்து இருந்தாலும் நாரும் புரதமும் சேர்ந்திருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். முழுப்பழம் கொஞ்சம் சாப்பிடலாம், சாறு பிழிந்து குடிக்காதே. தேனுக்கு மாறியதை ஒரு சாதனைபோல எழுதியிருக்கிறாய். தேன் 100 கிராமில் 80 கிராமுக்கு மேல் சர்க்கரைதான், மகளே!

மீட்டரைப் பற்றி. ஒரு நாளில் பலமுறை விரலைக் குத்திக்கொண்டு, காலையில் 104, மறுநாள் 111 என்று பதறாதே. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே 100-க்குக் கீழே 15 மில்லிகிராம், அதற்கு மேலே 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டுவதை அனுமதிக்கிறது. உன் 104-உம் 111-உம் ஒரே எண் என்றே வைத்துக்கொள். பழம் உரித்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை ஏற்றிவிடும், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்து. இரவு ஒன்றுமே சாப்பிடாமல் காலையில் எப்படி ஏறியது என்று கேட்டிருந்தாய். விடியும் நேரத்தில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும். நீ சாப்பிட்டதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இன்னொன்று, குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து எடுக்கும் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தால், அதற்கு முந்திய மூன்று நாளும் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் பழக்கம் விட்டுப்போன உடம்பு திணறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

மாவுச்சத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி என்று உன் தங்கை சொல்கிறாளாம். அவளிடம் வாதாடாதே, ஆனால் நம்பவும் வேண்டாம். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எல்லைக்கோட்டுக்காரர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இருந்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடம் 31 சதவீதம். அவர்களுக்குச் சொல்லப்பட்டது கொழுப்பும் கலோரியும் குறைந்த சாப்பாடு, மாவுச்சத்துக் கணக்கு அல்ல. மாவுச்சத்தைக் குறைப்பவர்கள் முதல் ஆறு மாதம் முந்தி நிற்பார்கள், வருடம் ஆக ஆக மற்றவர்களோடு வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. பலரால் தொடர முடிவதில்லை. எனக்கு இந்த வழி பிடித்திருப்பது பசிக்காமல் இருப்பதால். பழமும் ரொட்டியும் இல்லாமல் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ 130-இல் நின்றுகொள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியோடு கொலஸ்ட்ராலையும் பார்த்துவிடு. வெண்ணெயும் கொழுப்பு இறைச்சியும் கூடும்போது சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறிவிடுகிறது.

இங்கே இவர் ஓய்வு பெற்றுவிட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்னோடு நடக்க வருகிறார், வழி முழுக்கக் குறை சொல்லிக்கொண்டேதான் வருகிறார், ஆனாலும் ஒரு நாள் தவறுவதில்லை. பெரியவள் வேலை மாறியிருக்கிறாள், சம்பளம் கூடியிருக்கிறது, தூக்கம்தான் குறைந்திருக்கிறது. சின்னவனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னும் நான்கு பக்கம் வேண்டும்.

உன் வீட்டுக்காரரின் மாத்திரைப் பெயர்களை இந்த வாரமே எழுது. பேரன் படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி